பழைய ஜி.ஐ. குழாய் மாற்றம்: புத்தூர், திருச்சிராப்பள்ளி

துத்தநாக முலாம் பூசிய இரும்புக் குழாய்தான் கடைத்தெருவில் ஜி.ஐ. பைப். வீட்டுக்குள் அது எத்தனை ஆண்டு உழைக்கும், எதுவரை ஒட்டுப்போட்டு ஓட்டலாம், எந்தக் கட்டத்தில் முழுவதையும் கழற்றிவிட வேண்டும் என்பதைச் சொல்வது இக்கட்டுரை. பிளாஸ்டிக் குழாய்கள் பரவும் முன் தமிழ்நாட்டில் கட்டிய வீடுகளில் பெரும்பாலும் ஜி.ஐ. குழாயே இருந்தது. திருச்சியில் புத்தூர் நால்ரோடு, வயலூர் சாலை, உறையூர், தில்லைநகர்ப் பக்கத்துப் பழைய வீடுகளிலும், காவிரிக்கு அக்கரையில் ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதி, உத்திர வீதி வீடுகளிலும் இந்தக் குழாய்கள் சுவருக்குள்ளும் சுவர்மேலும் இன்னும் இருக்கின்றன. வயதை மட்டும் வைத்து இவற்றை எடை போட முடியாது. எந்தத் தண்ணீர் ஓடியது, எந்த இடத்தில் ஓட்டை விழுந்தது என்ற இரண்டு கேள்விகளே முடிவைத் தருகின்றன.

குழாயும் முலாமும்

உருகிய துத்தநாகத் தொட்டியில், ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், எஃகுக் குழாயை முக்கி எடுப்பது இதன் தயாரிப்பு முறை. பிரான்ஸ் நாட்டுப் பொறியாளர் ஸ்தனிஸ்லாஸ் சொரேல் 1837-இல் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். முலாம் இரும்பை மூடிக் காப்பதோடு நிற்பதில்லை. துத்தநாகம் இரும்பைவிட எளிதில் கரையும் உலோகம். ஈரத்தில் இரண்டும் சேர்ந்திருந்தால் துத்தநாகம் முதலில் தன்னைக் கரைத்துக்கொண்டு, பக்கத்தில் கீறல் பட்ட இரும்பையும் துருப்பிடிக்காமல் வைத்திருக்கும். எனவே முலாம் என்பது கையிருப்புப் பணம். கொஞ்சங்கொஞ்சமாகச் செலவாகி, ஒருநாள் தீரும்.

இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 1239 இக்குழாய்களை மூன்று வகையாகப் பிரிக்கிறது. மஞ்சள் பட்டை போட்டது லேசானது, நீலம் நடுத்தரம், சிவப்பு கனமானது. கடையில் ஏ கிளாஸ், பி கிளாஸ், சி கிளாஸ் என்பார்கள். அரை இஞ்சு என்று சொல்லப்படும் 15 மி.மீ. குழாயின் சுவர்க் கனம் முறையே 2.0, 2.6, 3.2 மி.மீ. இந்தச் சிறு வேறுபாடு எவ்வளவு பெரியது என்பது மரை வெட்டும்போது தெரியும். அரை இஞ்சுக் குழாயில் மரையின் ஆழம் ஏறத்தாழ 1.16 மி.மீ. நீலப் பட்டைக் குழாயில் மரைக்குக் கீழே மிஞ்சும் இரும்பு 1.4 மி.மீ.; மஞ்சள் பட்டையில் ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. அதோடு, மரை வெட்டிய இடத்தில் வெளிப்புற முலாமும் சீவப்பட்டுப் போகிறது. குழாய் முதலில் சாக்கெட், எல்போ, டீ ஆகிய இணைப்புகளின் வாயில் கசிவதற்குக் காரணம் இதுவே.

புத்தூரின் இரண்டு தண்ணீர்

திருச்சி மாநகராட்சி காவிரி, கொள்ளிடம் ஆற்றுப்படுகைகளில் அமைந்த நீரேற்று நிலையங்களிலிருந்து குடிநீர் எடுக்கிறது. மணல்படுகை வடிகட்டித் தரும் அந்தத் தண்ணீரைப் பழைய குழாய்கள் பெரும்பாலும் தாங்கிக்கொள்கின்றன. ஆற்றுக்குத் தெற்கே நிலத்தடி வேறு. மலைக்கோட்டையாக வெளியே தலைகாட்டும் கடினப் பாறை இனமே ஊருக்கு அடியிலும் விரிந்து கிடக்கிறது. அதன் வெடிப்புகளில் ஊறும் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பும் கடினத்தன்மையும் கூடியது. இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 மொத்தக் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்ற ஏற்புடைய அளவையும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 என்ற விளிம்பையும் வைத்திருக்கிறது. ஸ்ரீரங்கம் தீவில் வண்டல் மண் என்பதால் அங்கே கிணற்றுத் தண்ணீரின் குணம் மாறும்.

இதனால் ஒரே தெருவில், ஒரே ஆண்டில் கட்டிய இரண்டு வீடுகளில் குழாயின் கதி ஒன்றாக இருப்பதில்லை. கார்ப்பரேஷன் தண்ணீர் மட்டும் ஓடிய குழாய் தலைமுறை தாண்டி நிற்கலாம். போர் தண்ணீர் ஓடிய குழாய் அதில் பாதிக் காலத்திலேயே அடைத்துக்கொள்ளும். பொதுவாக ஜி.ஐ. குழாய்க்கு 20 முதல் 50 ஆண்டு என்று ஆயுள் சொல்லப்படுவதன் பொருள் இதுதான். இடைவெளி அவ்வளவு அகலமானது என்பதால் அந்த எண்ணை நம்பி யாரும் முடிவெடுக்கக் கூடாது. கடினத் தண்ணீரில் ஒரு சின்ன நன்மையும் உண்டு. அது படியவைக்கும் மெல்லிய சுண்ணாம்புப் படலம் இரும்புக்குக் காப்பாகும். ஆனால் குளோரைடு உப்பு மிகுந்தால் அந்தப் படலத்தின் இடுக்கில் புகுந்து குழி தோண்டிவிடும்.

நாளுக்குச் சில மணி நேரம் மட்டும் தண்ணீர் வரும் முறையும் குழாயைத் தின்னுகிறது. தெருவிலிருந்து சம்ப்புக்கு வரும் குழாய் நிறைந்தும் காலியாகியும் மாறிமாறி இருப்பதால் உள்ளே ஈரமும் காற்றும் சேர்ந்து துரு வேகமெடுக்கும். மண்ணுக்குள் புதைந்த பகுதிக்கு வெளியிலிருந்தும் தாக்குதல் உண்டு. உய்யக்கொண்டான் வாய்க்காலை ஒட்டிய ஈர மண்ணில் இதைக் கூடுதலாக எதிர்பார்க்க வேண்டும். இங்கே விழும் ஓட்டையை அலட்சியப்படுத்தவே கூடாது. தண்ணீர் வரும் நேரத்தில் அது வெளியே கசியும். வராத நேரத்தில், குழாயில் அழுத்தம் இறங்கியதும், சுற்றியுள்ள சாக்கடை ஈரத்தை உள்ளே இழுக்கும். சம்ப்புக்கு முந்தைய குழாயில் ஓட்டை என்று தெரிந்தால், வீட்டின் மற்றக் குழாய்கள் எந்த நிலையில் இருந்தாலும், அதை உடனே மாற்ற வேண்டும். பிரதானக் குழாயோடு சேரும் இணைப்பு என்பதால் மாநகராட்சிக்கு விண்ணப்பித்துத்தான் அந்த வேலையைச் செய்ய முடியும்.

உள்ளே நடப்பது

முலாம் தீர்ந்த இடத்தில் இரும்பு கரைந்து துருவாகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். குழாயின் உட்சுவரில் அது கறையான் புற்றுப்போல் முடிச்சு முடிச்சாக எழும்பும். ஒவ்வொரு முடிச்சுக்கும் அடியில் ஒரு குழி ஆழமாகிக்கொண்டே போகும். அதாவது, குழாய் ஒரே நேரத்தில் அடைத்துக்கொள்ளவும் மெலியவும் செய்கிறது.

தண்ணீர் வரத்து குறைவது இதனால்தான், அதுவும் எதிர்பார்ப்பதைவிட வேகமாக. துவாரம் பாதியானால் தண்ணீரும் பாதியாகும் என்று தோன்றும். அப்படியில்லை. நீரியல் கணக்கில், விட்டம் பாதியானால் அதே அழுத்தத்தில் வரத்து ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகிவிடும். துருவின் சொரசொரப்பு அதையும் குறைக்கும். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து தரைத்தளக் குழாய்வரை மூன்று நான்கு மீட்டர் உயரமே இருக்கிறது. அந்த அழுத்தத்தில், துருவடைத்த குழாயின் கடைசி முனையில் தண்ணீர் நூல்போல்தான் விழும்.

வெந்நீர்க் குழாய் சாதாரணக் குழாய்க்கு முன்பே கெடும். ஏறத்தாழ 60 டிகிரிக்கு மேல் சிலவகைத் தண்ணீரில் துத்தநாகத்துக்கும் இரும்புக்கும் இடையிலான உறவு தலைகீழாகி, காக்க வேண்டிய முலாமே இரும்பை அரிக்க வைக்கும். கெய்சரிலிருந்து வரும் ஜி.ஐ. குழாயில் இது நேரும். செம்புக் குழாயை ஜி.ஐ. குழாய்க்கு முன்னால் இணைப்பதும் தவறு. தண்ணீரில் கரைந்து வரும் துளிச் செம்பும் முலாமில் படிந்து அந்த இடத்தைப் பொத்தலாக்கும்.

அறிகுறிகளைப் படிப்பது

காலையில் திறந்ததும் தண்ணீர் பழுப்பாக வந்து, கொஞ்ச நேரத்தில் தெளிந்தால் துரு வீட்டுக் குழாயில் இருக்கிறது என்று கொள்ளலாம். இரவெல்லாம் தேங்கி நின்ற தண்ணீர் இரும்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. வெள்ளை பிளாஸ்டிக் வாளியில் முதல் தண்ணீரைப் பிடித்தால் நிறம் ஐயமின்றித் தெரியும். எந்நேரமும் பழுப்பாகவே இருந்தால் தொட்டி, சம்ப்பு அல்லது போர்வெல்லைப் பார்க்க வேண்டும். பக்கத்து வீடுகளிலும் அப்படியே என்றால் தெருவில் குழாய் வேலை நடந்திருக்கும். ஒரே ஒரு குழாயில் மட்டும் பழுப்பு என்றால் அந்தக் கிளை மட்டும் கெட்டிருக்கிறது.

வரத்துக் குறைவுக்குக் குழாயைக் குற்றம் சொல்லும் முன் இரண்டு இடங்களைச் சோதிக்க வேண்டும். ஒன்று, டேப்பின் வாயில் உள்ள சல்லடை. இன்னொன்று, தொட்டிக்குக் கீழேயுள்ள கேட் வால்வு. அதன் தண்டு உள்ளே ஒடிந்து, கதவு பாதியில் தொங்கிக்கொண்டிருந்தால் கைப்பிடி சுற்றும், தண்ணீர் கூடாது. சில நூறு ரூபாயில் தீரும் இந்தக் கோளாறுக்காக வீட்டுச் சுவரைக் கொத்துவது கொடுமை.

இணைப்பின் வாயில் வெள்ளையாகவோ பச்சை கலந்தோ பொருக்கு கட்டியிருந்தால் அங்கே மெல்லக் கசிந்து, உப்பு படிந்து, தானே அடைபட்டிருக்கிறது. அதைச் சுரண்டினால் மறுபடி கசியும். சுவருக்குள் போன குழாயில் சாயம் கொப்பளித்து உரிவதும் சிமெண்டுப் பூச்சு உப்புப் பூப்பதும் அறிகுறிகள். ஸ்ரீரங்கத்தில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் நம் குழாயின் கசிவு பக்கத்து வீட்டுக் கூடத்தில் முதலில் தெரியக்கூடும்.

இவை எல்லாவற்றிலும் உறுதியான சோதனை, ஒரு யூனியனைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்ப்பது. உட்சுவர் சாம்பல் நிறமாக, லேசான வெள்ளைப் படிவோடு இருந்தால் முலாம் இன்னும் உயிரோடு இருக்கிறது. செம்பழுப்பு முடிச்சுகள் தென்பட்டு, சுண்டுவிரல் நுழையவில்லை என்றால் அந்தக் குழாயின் காலம் முடிந்துவிட்டது.

ஒட்டா, மாற்றமா

ஓட்டை இணைப்பின் மரையில் விழுந்திருந்தால் அது அந்த இடத்தின் நோய். அங்கே இரும்பு தொடக்கத்திலேயே மெலிந்தது. அந்த நிப்பிளையோ எல்போவையோ மாற்றினால் போதும். ஓட்டை குழாயின் நடு உடலில், மரையில்லாத இடத்தில், ஊசி முனையளவு விழுந்தாலும் கதை வேறு. 2.6 மி.மீ. இரும்பு முழுவதும் உள்ளிருந்து அரித்து வெளியே வந்திருக்கிறது. அதே தண்ணீர் அதே காலம் ஓடிய மீதிக் குழாயும் ஏறக்குறைய அதே நிலையில்தான் இருக்கும். அந்த ஓட்டையின்மேல் சைக்கிள் ட்யூபைச் சுற்றிக் கம்பி கட்டுவதும், எம்-சீல் அப்புவதும், கிளாம்ப் மாட்டுவதும் ஆள் வரும்வரை தாங்குவதற்கு மட்டுமே.

நடுக்குழாயில் ஓட்டை விழுந்த வீட்டில் ஒரு துண்டை மட்டும் மாற்ற முனைவது பெரும்பாலும் வீண் செலவு. பைப் ரென்ச்சைப் போட்டு இறுகிய இணைப்பைத் திருப்பும்போது அந்த முறுக்கு அடுத்த இணைப்பின் மெலிந்த மரையில் இறங்கும். அது அங்கே ஒடியும். அதைச் சரிசெய்தால் அதற்கடுத்தது. பிளம்பர் திறமை குறைந்தவர் என்று இதற்குப் பழி சொல்வது நியாயமில்லை.

வரத்தைக் கூட்டுவதற்காகப் பழைய ஜி.ஐ. குழாயில் பிரஷர் பம்ப் பொருத்துவது ஆபத்து. துருவே அடைப்பானாக நின்று தடுத்துக்கொண்டிருந்த பொத்தல்கள் அந்த அழுத்தத்தில் திறந்துகொள்ளும். குழாயைச் சுத்தியால் தட்டித் துருவை உதிர்ப்பதும் இப்படியே: சில நாள் தண்ணீர் நன்றாக வரும், பிறகு சுவர் நனையும். ஆசிட் ஊற்றிக் கழுவுவது மிஞ்சியிருக்கும் முலாமையும் கரைத்துவிடும். குடிக்கும் தண்ணீர் போகும் வழியில் அதைச் செய்யவே கூடாது.

உடல்நலம் பற்றியும் சொல்ல வேண்டும். துருவின் இரும்பு துணியில் கறை பிடிக்கவைக்கும், சுவையைக் கெடுக்கும்; அந்த அளவில் பெரிய தீங்கு இல்லை. கவலைக்குரியது ஈயம். அக்காலத்து முலாமில் ஒரு விழுக்காடு அளவுக்கு ஈயம் கலந்திருப்பது வழக்கம். மரையில் சணல் சுற்றி ஈயக் கலவைப் பசை தடவுவதும் வழக்கமாயிருந்தது. அமெரிக்காவின் ஃபிளிண்ட் நகரில் 2014-இல் தொடங்கிய குடிநீர்ச் சீர்கேட்டுக்குப் பிறகு ஈயக் குழாய்களோடு ஜி.ஐ. இணைப்புகளையும் தோண்டி எடுத்தார்கள். ஈயக் குழாய்க்கு அடுத்திருந்த ஜி.ஐ. குழாயின் துரு, ஈயத்தைச் சேர்த்துவைத்திருந்து பிறகு விடுவது தெரிந்ததே காரணம். ஐ.எஸ். 10500 ஈயத்துக்கு அனுமதிக்கும் அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். கைக்குழந்தையோ கர்ப்பிணியோ உள்ள வீட்டில், பழைய குழாயில் இரவு முழுக்கத் தேங்கிய முதல் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் எடுக்காமல் பாத்திரம் கழுவவோ செடிக்கோ விட்டுவிட வேண்டும்.

மாற்றும் பொருள்

இன்று பெரும்பாலும் குளிர்நீருக்கு யுபிவிசி, வெந்நீருக்கும் பொதுவாகவும் சிபிவிசி போடுகிறார்கள். சிபிவிசிக்கு ஐ.எஸ். 15778 தரம் உண்டு. குழாயின்மேல் அந்த எண் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். துருப்பிடிக்காது என்பதால் போர் தண்ணீருக்கு இவை மிகப் பொருத்தம். குறைகள் இரண்டு. வெயில் நேரடியாகப் பட்டால் நலியும். மொட்டைமாடியில் போகும் பகுதிக்குத் தண்ணீரில் கரையும் வகைப் பெயிண்ட் அடிக்க வேண்டும். வெப்பத்தில் நீளும், பத்து மீட்டர் குழாய் 30 டிகிரி வேறுபாட்டில் ஏறத்தாழ 2 செ.மீ. நீளும். திருச்சிக் கத்திரி வெயிலில் இதற்கு இடம் விடாமல் இறுக்கிப் பிடித்தால் எல்போ விரிசல் விடும். ஒட்டுப் பசை காய அவகாசம் தராமல் அன்று மாலையே தண்ணீர் திறந்துவிடுவது இன்னொரு பொதுவான பிழை.

சுவரைக் கொத்திப் பழைய குழாயைப் பிடுங்கத் தேவையில்லை. அதை இரு முனையிலும் அடைத்து உள்ளேயே விட்டுவிட்டு, புதியதைச் சுவர்மேல் கிளாம்ப் போட்டுக் கொண்டுபோவது செலவும் இடிபாடும் குறைந்த வழி. கண்ணுக்குத் தெரியும் குழாயில் கசிவும் உடனே தெரியும். அழகுக்காக மறைப்பதைவிட இது மேல்.

வேலை தொடங்கும் முன் மின்சாரப் பணியாளரை அழைத்து வர வேண்டும். பழைய வீடுகள் பலவற்றில் எர்த் கம்பியைத் தண்ணீர்க் குழாயில் சுற்றி வைத்திருப்பார்கள். இரும்புக் குழாய்க்கு நடுவே ஒரு முழம் பிளாஸ்டிக் நுழைந்தாலும் அந்த எர்த் அறுந்துபோகும். கெய்சரிலோ வாஷிங் மெஷினிலோ மின்கசிவு ஏற்பட்டால், மிஞ்சியிருக்கும் இரும்புக் குழாயையும் டேப்பையும் தொடுபவருக்கு ஷாக் அடிக்கும். தனியே எர்த் குழி தோண்டி, கம்பியை அதற்கு மாற்றி, சோதித்து முடித்த பிறகே பழைய குழாயில் ரென்ச் வைக்க வேண்டும்.