ஸ்டீவ் லார்ஜென்ட்டின் எண்கள்: நம்பகம் யாருடையது?

1976ஆம் ஆண்டு நான்காம் சுற்றில் தேர்ந்தெடுத்த ஸ்டீவ் லார்ஜென்ட் என்ற ரிசீவரை, பருவம் தொடங்குமுன்பே ஹூஸ்டன் ஆயிலர்ஸ் அணி கைகழுவியது. அவ்வாண்டுதான் அமெரிக்கக் கால்பந்தின் என்.எஃப்.எல்.-இல் நுழைந்த சியாட்டில் சீஹாக்ஸ், மறு ஆண்டின் எட்டாம் சுற்றுத் தேர்வு ஒன்றை ஈடாகக் கொடுத்து அவரை வாங்கிக்கொண்டது. 1989இல் அவர் ஓய்வுபெற்றபோது, 819 பாஸ்கள், 13,089 யார்டுகள், 100 டச்டவுன்கள் என மூன்று கணக்கிலும் ரிசீவர்களுள் அவரே முதலிடத்தில் இருந்தார்.

வேகமும் உயரமும் குறைந்தவர், உழைப்பாலும் கைப்பிடியாலும் வென்றார் என்பதே வழக்கமான விளக்கம். அது பொய்யன்று, ஆனால் போதாது. நம்பகம் என்பது தனிமனிதக் குணமாக மட்டும் இருந்திருந்தால் ஹூஸ்டனிலும் அது புலப்பட்டிருக்க வேண்டும். அது ஓர் ஏற்பாட்டுக்குள் விளைந்தது என்பதே என் வாதம்.

டல்சா பல்கலைக்கழகத்தில் லார்ஜென்ட் ஆடியபோது அங்கே பயிற்சியாளராக இருந்த ஜெரி ரோம், சியாட்டிலுக்கு வந்திருந்தார். ஆகவே லார்ஜென்ட் தம் ஆட்டத்தை அறிந்த ஒருவரிடமே வந்துசேர்ந்தார். அங்கே பந்தை எறிந்த குவார்ட்டர்பேக் ஜிம் ஸோர்ன் எந்த அணியாலும் தேர்ந்தெடுக்கப்படாமல் வந்தவர். ரிசீவர் திரும்புமுன்பே பந்து கையைவிட்டுப் புறப்படும் ஆட்டமுறையில், ஓடுபவர் குறித்த இடத்தில் குறித்த நொடியில் இருப்பாரா என்பதுதான் கேள்வி. அங்கே கால்வேகத்தைவிடத் துல்லியத்துக்கு மதிப்பு அதிகம். விதிகளும் துணைநின்றன. ஐந்து யார்டுக்கு அப்பால் ரிசீவரை இடித்துத் தடுக்கக் கூடாது என்ற விதி 1978இல் வந்தது; பருவமும் 14 ஆட்டங்களிலிருந்து 16 ஆனது. 1977இல் 33 பாஸ்கள் பிடித்தவர் 1978இல் 71 பிடித்தார். இந்த ஏற்றம் முழுவதையும் விதியின் கணக்கில் எழுதுவது மிகை; அதை ஒதுக்கிவிட்டு எழுதுவதோ பிழை.

இனி, பலரும் விரைந்து கடந்துபோகும் இடத்துக்கு வருவோம். 1987இல் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, உரிமையாளர்கள் மூன்று வாரங்கள் மாற்று ஆட்களை வைத்து ஆட்டங்களை நடத்தினர். லார்ஜென்ட் நிறுத்தத்தை மீறி, அவற்றுள் ஒன்றில் டெட்ராய்ட்டுக்கு எதிராக ஆடினார்: 15 பாஸ்கள், 261 யார்டுகள், 3 டச்டவுன்கள். டச்டவுன் கணக்கில் அவர் முறியடித்தது, முந்தைய தலைமுறை ரிசீவரான டான் ஹட்ஸனின் 99 என்ற சாதனையை. அந்த மூன்றையும் கழித்தால் லார்ஜென்ட்டின் கணக்கு 97தான். தோழர்கள் வெளியே நிற்க அவர் உள்ளே சென்றது எனக்கு உவப்பானதன்று. ஆயினும் அம்மூன்றையும் நீக்கக் கோருவோர் ஹட்ஸனையும் அதே தராசில் நிறுத்த வேண்டும். 1942இல் அவர் 17 டச்டவுன்கள் பிடித்தபோது, திறன்மிக்க ஆட்டக்காரர் பலர் இரண்டாம் உலகப் போருக்குப் போயிருந்தனர். எதிரணியின் வலிமையைக் கொண்டு எண்களைத் திருத்தத் தொடங்கினால் இரு சாதனைகளுமே நிலைக்கா.

எனவே நம்பகத்தை அளக்க 100 என்ற எண்ணை நான் முன்வைக்க மாட்டேன். அவர் ஆடிய 200 ஆட்டங்களுள் 1977 முதல் இறுதிவரை தொடர்ந்த 177இல், ஒன்றிலேனும் ஒரு பாஸ்கூடப் பிடிக்காமல் அவர் களத்தைவிட்டு வந்ததில்லை. காயத்தால் ஆடாத ஆட்டங்களை இத்தொடர் கணக்கில் கொள்வதில்லை. ஓர் ஆட்டத்துக்கு ஒரே பாஸ் என்பது தாழ்ந்த வரம்பும்கூட. ஆயினும் அது ஸோர்னின் காலத்தில் தொடங்கி அடுத்த குவார்ட்டர்பேக் டேவ் கிரீக்கின் காலத்திலும், தலைமைப் பயிற்சியாளர் ஜாக் படேராவுக்குப் பின் ஓட்ட ஆட்டத்தையே பெரிதும் விரும்பிய சக் நாக்ஸின் கீழும் அறாமல் நீடித்தது. சியாட்டிலின் ஏற்பாடு அவரை உருவாக்கியது என்ற என் வாதத்துக்கு எல்லை வகுப்பதும் இந்த எண்ணே: அந்த ஏற்பாடு கலைந்த பின்னும் பந்து அவரைத் தேடியே வந்துகொண்டிருந்தது.