சபையர்: திரையில் துலங்கிய கொலையும் தெருவில் துலங்காத கொலையும்

பிரித்தானியக் கொலை மர்மக் கதைகளுக்கென நீண்டகாலமாக ஓர் இலக்கணம் உண்டு. ஒரு சடலம், ஒரு துப்பறிவாளர், சந்தேகத்துக்குரிய சிலர். இறுதியில் குற்றவாளி அகப்படுவார். குலைந்த ஒழுங்கு மீண்டும் நிலைபெறும். 1959 ஆம் ஆண்டில் பசில் டியர்டன் இயக்கிய 'சபையர்' இந்த இலக்கணத்தை மீறவில்லை. ஆனால், அது தரும் ஆறுதலைப் பார்வையாளருக்கு வழங்க மறுத்துவிட்டது.

லண்டனின் ஹம்ஸ்டட் ஹீத் வெளியில் இளம்பெண் ஒருத்தியின் சடலம் கண்டெடுக்கப்படுகிறது. இசை பயின்ற மாணவியான அவள் வெள்ளையினத்தவள் என்றே பொலிசார் கருதுகின்றனர். அவளுடைய சகோதரர் பர்மிங்ஹாமிலிருந்து வருகிறார். அவரோ கறுப்பின வைத்தியர். அக்கணமே விசாரணையின் திசை மாறுகிறது. வீட்டு உரிமையாளர், தோழியர், காதலனின் குடும்பத்தினர் என ஒவ்வொருவரும் மறைத்து வைத்திருந்த இன வெறுப்பு வெளிப்படுகிறது. விசாரிக்கும் பொலிஸ் அதிகாரிகளில் ஒருவரும் அதற்கு விலக்கல்லர். ஈற்றில் கொலைக்கான காரணம், கண்ணியம் மிக்கதெனக் கருதப்பட்ட அந்த வெள்ளையினக் குடும்பத்தின் உள்ளேயே கண்டறியப்படுகிறது.

ஜனெட் கிரீன் எழுதிய இக்கதை வெற்றிடத்தில் பிறந்ததன்று. 1948 ஆம் ஆண்டின் பிரித்தானியக் குடியுரிமைச் சட்டம், இலங்கை உள்ளிட்ட பொதுநலவாய நாடுகளின் குடிமக்கள் பிரித்தானியாவில் சென்று வாழ வழிசெய்திருந்தது. போருக்குப் பிந்திய தொழிலாளர் பற்றாக்குறையை நிரப்ப மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து பலர் அங்கு சென்றனர். வேலை கிடைத்தது, வாடகை வீடு கிடைப்பதுதான் அரிதாயிற்று. 1958 ஓகஸ்ட் இறுதியில் நொட்டிங் ஹில் பகுதியில் வெள்ளையின இளைஞர் கூட்டங்கள் அம்மக்களின் வீடுகளைத் தாக்கின. அக்கலவரத்தின் வடு ஆறுமுன்னரே 'சபையர்' திரைக்கு வந்தது.

குறைகளற்ற படம் இதுவென்று கூறுவதற்கில்லை. முரசொலி கேட்டதும் தாளமிடும் கால்களைக் கொண்டே ஒருவரின் இனத்தை அறியலாம் என்பது போன்ற காட்சி, படம் எதிர்க்க முனைந்த அதே தப்பெண்ணத்தையே சுமந்து நிற்கிறது. எனினும், வைத்தியராக நடித்த பேர்மியுடா நடிகர் ஏர்ள் கெமரனின் அடக்கமான துயரம் இன்றும் மனதைத் தொடுகிறது. பிரித்தானியத் திரைப்படக் கழகத்தின் சிறந்த பிரித்தானியப் படத்துக்கான விருதும் 'சபையர்' படத்துக்குக் கிடைத்தது.

அதே 1959 மே மாதத்தில், அன்ரிகுவாவில் பிறந்த தச்சுத் தொழிலாளியான கெல்சோ கொக்ரேன் நொட்டிங் ஹில் தெருவொன்றில் வெள்ளையின இளைஞர்களால் குத்திக் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 32. இனவெறி இதற்குக் காரணமல்ல, கொள்ளையடிப்பதே நோக்கம் எனப் பொலிசார் கூறினர். அவரது இறுதி ஊர்வலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டனர். ஆயினும், அக்கொலைக்காக எவருமே தண்டிக்கப்படவில்லை.

திரைப்படத்தின் பொலிஸ் அத்தியட்சகர் இனவெறுப்பைக் காரணமாக ஏற்றுக்கொள்ளத் துணிந்ததால் கொலையாளியைக் கண்டார். நிஜத்தில் அக்காரணம் தொடக்கத்திலேயே ஒதுக்கப்பட்டது. 1962 இல் வந்த சட்டம் குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தியது. இனப்பாகுபாட்டுக்கு எதிரான முதற் சட்டம் 1965 வரை காத்திருந்தது. வந்தவர்களைப் பாதுகாப்பதற்கு முன்னர் வருபவர்களைத் தடுப்பதற்கே அரசு விரைந்தது என்பது இதனால் புலனாகும்.

கொக்ரேன் வீழ்ந்த இடத்துக்கு அருகே, 50 ஆண்டுகள் கழித்து, 2009 இல் நினைவுப் பலகை ஒன்று பொருத்தப்பட்டது. அதில் அவர் பெயர் இருக்கிறது. கொன்றவனின் பெயரை எந்த நீதிமன்றத் தீர்ப்பும் இன்றுவரை எழுதவில்லை.