நண்டு அடைத்த வளை

பாளையங்கோட்டையிலிருந்து வடகிழக்கே போனால் சீவலப்பேரி. தாமிரபரணியோடு சிற்றாறும், கோதண்டராம ஆறு என்று பெயர் வாங்கிய ஓடையும் சேர்கிற இடம். பழைய பெயர் முக்கூடல். சேரன்மகாதேவிப் பக்கம் இருக்கிற, பீடிக்குப் பேர்போன முக்கூடல் வேறு. இந்த ஊரின் அழகரைப் பாட்டுடைத் தலைவனாக வைத்து எழுந்ததுதான் முக்கூடற் பள்ளு. பாடியவர் யார் என்பது உறுதியாகவில்லை.

அதில் மழைக்குறி சொல்லும் பாட்டு ஒன்று உண்டு. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தவர்கள் பலர் இருப்பார்கள். நான்கே அடிகள். சகுனம், நிமித்தம், மூடநம்பிக்கை என்று பேச்சு வரும்போது இந்தப் பாட்டையும் அந்தக் கூடையிலேயே போட்டுவிடுகிறார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை. ஆகவே உறுப்பு உறுப்பாகப் பிரித்து உரை சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் தலைப்பு. பள்ளு நூல்களில் இந்தப் பகுதிக்கு மழைக்குறி ஓர்தல் என்று பெயர். குறி கேட்டல் இல்லை, குறி சொல்லுதலும் இல்லை, ஓர்தல். கூர்ந்து பார்த்து, ஒன்றோடொன்றை வைத்து உணர்தல். இதே ஆற்றுக் குடும்பத்தில், சிற்றாறு விழுகிற குற்றாலத்தில், மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் குறவஞ்சி பாடினார். அங்கே குறி சொல்ல ஒருத்தி வெளியிலிருந்து வரவேண்டும். வசந்தவல்லி கையை நீட்டவேண்டும், கூலி கொடுக்கவேண்டும். முல்லைப்பாட்டில் மழை பெய்த மாலையில் முதுபெண்டிர் நெல்லும் மலருமாய் ஊர்ப்புறம் போய், யாரோ எதற்கோ சொன்ன சொல்லை நற்சொல்லாக எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அதற்கு விரிச்சி என்று பெயர். இந்த இரண்டிலும் குறிக்கும் பலனுக்கும் நடுவே நம்பிக்கை மட்டும்தான் பாலம். முக்கூடலில் அப்படியில்லை. வயலில் நிற்கிறவர்கள் தாங்களே பார்க்கிறார்கள், தாங்களே படிக்கிறார்கள்.

முதல் அடியின் முற்பாதி: நாளை ஆற்றில் வெள்ளம் வரும், அதற்குக் குறி தெரிகிறது என்கிறது. மழை வரும் என்று சொல்லவில்லை, வெள்ளம் என்கிறது. அதுவும் நாளை. இந்தச் சொல்லை வெறும் நிரப்புச் சொல்லாகக் கடந்துபோகக் கூடாது. மழை பெய்வது பொதிகை மலையில், வயல் இருப்பது ஆற்றின் கீழ்ப்பகுதியில். மேலே கொட்டியது ஓடையோடையாகச் சேர்ந்து, அணைக்கட்டு அணைக்கட்டாக இறங்கி இங்கே வர நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியைத்தான் புலவர் ஒரே சொல்லில் வைத்திருக்கிறார். இன்றைக்கும் திருநெல்வேலிக்காரர்கள் அதே கணக்கைத்தான் போடுகிறார்கள். 143 அடி உயரப் பாபநாசம் அணையில் எத்தனை அடி, 118 அடி மணிமுத்தாறில் எத்தனை அடி என்று காலையில் பேப்பரைப் பார்த்துவிட்டு, குறுக்குத்துறை முருகன் கோயிலுக்குள் தண்ணீர் எப்போது ஏறும் என்று சொல்லிவிடுவார்கள்.

பிற்பாதி: மலையாள மின்னலும் ஈழ மின்னலும் சூழ்ந்து மின்னுகின்றன. உரையாசிரியர்கள் மேற்கு, கிழக்கு என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நான் இங்கே கொஞ்சம் நிற்கவேண்டும். திசையின் பெயரைச் சொல்லாமல் ஏன் நாட்டின் பெயரைச் சொல்லவேண்டும்? இந்தப் பள்ளத்தாக்கின் விவசாயமே அந்த இரண்டு பக்கத்திலிருந்து வருகிற தண்ணீரில் நடப்பதுதான். மலையாளத்துப் பக்கமிருந்து வருகிற தென்மேற்குப் பருவத்தில் ஆறு பெருகினால் கார் சாகுபடி. கிழக்கே கடல் பக்கமிருந்து வருகிற வடகிழக்குப் பருவம் பிசான சாகுபடிக்கு. ஆகவே ஒரு மின்னல் ஒரு போகம். இரண்டும் ஒரே இரவில் மின்னுகின்றன என்றால் அது எந்த மாதம்? ஆனி, ஆடியில் குற்றாலத்துச் சாரல் பெரும்பாலும் இடி மின்னல் இல்லாமல்தான் வரும். ஐப்பசியில், மலையாளத்தார் துலாவர்ஷம் என்று சொல்லும் மழை மலைக்கு அந்தப் பக்கம் பெரும் இடி மின்னலோடு இறங்கும். கிழக்கிலும் அப்போது மேகம் கட்டியிருக்கும். எனவே இது ஐப்பசி மழையின் பாட்டு என்பது என் துணிபு. கோடை இடிமழை என்று ஒருவர் சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனால் ஆற்றைப் பெருக்கும் அளவு மழை என்றால் ஐப்பசிதான் பொருந்துகிறது.

இரண்டாம் அடி. நேற்றும் இன்றும் கொம்பைச் சுற்றிக் காற்றடிக்கிறது. கொம்பு என்றால் மரக்கிளை. ஒரு பக்கமாக வீசி மரத்தைச் சாய்க்கிற ஆடிக்காற்று இல்லை இது. கிளையைச் சுற்றிச் சுழல்கிற, திசை நிலைக்காத காற்று. ஒரு நாள் அடித்ததை வைத்து முடிவு கட்டவில்லை, இரண்டு நாள் பார்த்திருக்கிறார்கள் என்பதைக் கவனிக்கவேண்டும். அடுத்து, கிணற்றுக்குள் கிடக்கிற சொறித்தவளை கூப்பிடுகிறது. காற்றில் ஈரம் ஏறினால் ஆண் தவளை பெட்டையை அழைக்கும். மழை நீரில்தான் அதன் குடும்பம் பெருகவேண்டும். தவளை கத்தி மழை வரவில்லை. மழை வரப்போவதால் தவளை கத்துகிறது. மழைக்காகத் தவளைக்குக் கல்யாணம் செய்துவைக்கிற சடங்கு இந்தக் காரண காரியத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டது. பாட்டோ நேராகப் பிடித்திருக்கிறது.

மூன்றாம் அடியின் நண்டுதான் எனக்கு இந்தப் பாட்டின் உயிர். சேற்று நண்டு, சேற்றை மேலேற்றித் தன் வளையை அடைக்கிறது. எங்கள் தாத்தா வரப்பில் என்னை உட்காரவைத்துக் காட்டியது இது. விரல் நுழைகிற அளவு துளை. அதன் வாயில் கருத்த ஈரமண் உருண்டை உருண்டையாக, புது இட்லி மாவு மாதிரிப் பளபளவென்று குவிந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து இன்னொரு உருண்டை மேலே வந்து துளையை மூடிக்கொண்டது. “ஏல, அது வீட்டச் சாத்திட்டு பாத்தியா. நாமளும் மடயப் பாத்துட்டுப் போவோம்டே” என்றார் தாத்தா. அவர் சொன்னதில் சாமியும் இல்லை, பேயும் இல்லை. தண்ணீர் புகுந்தால் நண்டுக்கு வீடு போகும், எங்களுக்கு வரப்பு போகும், அவ்வளவுதான். அன்று ராத்திரி மழை கொட்டியது என்பது எனக்கு நினைவிருக்கிறது. கொட்டாத நாட்களும் இருந்திருக்கும்.

அடியின் மறுபாதி வானம்பாடி. மழையைத் தேடி ஒரு கோடி வானம்பாடிகள் ஆடுகின்றன. இங்கே மட்டும் புலவர் ஏட்டுக்குள் கை விடுகிறார். மழைத்துளியைத் தவிர வேறு நீர் குடியாத பறவை என்பது சங்க காலத்திலிருந்து தமிழில் வருகிற நம்பிக்கை. வடமொழியில் சாதகப் பறவை. உண்மையில் ஆண் வானம்பாடி துணை தேடும் காலத்தில் செங்குத்தாக மேலே எழும்பிப் பாடும், பிறகு இறங்கும். பாட்டில் எண் ஒன்று வருவதும் இந்த இடத்தில்தான். கண்ணால் பார்த்ததற்கு எண் தேவைப்படவில்லை போலும்.

இப்போது கண் போன வழியைத் திரும்பிப் பாருங்கள். வானத்து மின்னல், மரக்கொம்பு, கிணறு, சேறு என்று படிப்படியாகக் கீழே இறங்கி, நண்டின் வளை வரைக்கும் போய், அங்கிருந்து ஒரே தாவலில் வானம்பாடியோடு மேலே ஏறுகிறது. நிலத்தில் குனிந்து வேலை செய்கிறவன் நிமிர்கிற அசைவு அது.

நாலாம் அடி: அழகருக்கு உரிய பண்ணைச் சேரிக்காரர்கள் நாம் ஆடிப் பாடித் துள்ளுவோம் என்கிறார்கள். நிலம் இவர்களுடையது அல்ல. இதே நூலில் பண்ணைக்காரன் வருகிறான். குடும்பன் என்று அழைக்கப்படும் பள்ளனைத் தொழுமரத்தில் மாட்டி வைக்கிறான். மடையும் வரப்பும் நெல்லும் வேறொருவர் கணக்கில் இருக்க, மழையைப் படிக்கிற அறிவு மட்டும் இவர்களிடம் இருக்கிறது. அதைப் புலவர் இவர்கள் வாயிலேயே வைத்தார். அதற்காகவே அவரைக் கும்பிடத் தோன்றுகிறது.

இன்னொன்று. நான்கு அடியையும் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்துவிட்டேன், ஒரு சொட்டு மழை விழவில்லை. மின்னல் எங்கோ தொலைவில், தவளை கிணற்றுக்குள், நண்டு கதவைச் சாத்திக்கொண்டு. வயலில் வெடிப்பு அப்படியேதான் கிடக்கும். சேரி அதற்குள் ஆட ஆரம்பித்துவிட்டது. ஆறு மலையிலிருந்து புறப்பட்டு வருவது இனிமேல்தான்.