கரும்பொருளுக்கு ஒரு துகள் பிறந்த கதை

நியூட்ரினோ என்றதும் நம் ஆட்களுக்குத் ஆய்வகம் அமைக்கத் திட்டமிட்ட தேனி பொட்டிப்புரம்தான் ஞாபகம் வரும். அந்தத் துகளைக் கொண்டு பேரண்டத்தின் பெரிய புதிர் ஒன்றை அவிழ்க்க முதலில் முயன்றவர்களில் ஓர் இந்தியர் உண்டு: ராமநாத் கௌசிக்.

புதிரைக் கிளப்பியவர் வானியலாளர் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி. ஊர்த் திருவிழாக்களில் சங்கிலி ராட்டினம் பார்த்திருப்பீர்கள். வேகம் கூடக் கூடச் சங்கிலி வலுவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆள் தூரப்போய் விழுவார். வானத்திலும் அப்படித்தான். கோமா என்ற கொத்திலுள்ள கேலக்ஸிகள் ஓடிய வேகத்துக்கு, கண்ணுக்குத் தெரிந்த பொருளின் ஈர்ப்பு போதவே போதாது. ஆனாலும் கொத்து சிதறவில்லை. கண்ணுக்குத் தெரியாத ‘கரும்பொருள்’ ஒன்று பிடித்திருக்கிறது என்று 1933-இல் எழுதினார் ஸ்விக்கி.

அது என்ன பொருள்? மும்பை டாடா ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த கௌசிக், அமெரிக்காவின் பெர்க்லியில் இருந்தபோது சக ஆய்வாளர் மெக்லெல்லண்டுடன் சேர்ந்து 1973-இல் ஒரு பதில் சொன்னார். பெருவெடிப்பில் மிஞ்சிய நியூட்ரினோக்கள் கன சென்டிமீட்டருக்கு 300-க்கு மேல் எங்கும் நிறைந்திருக்கின்றன, உங்கள் உள்ளங்கையிலும்தான். அவற்றுக்கு எடையே கிடையாது என்பதே அன்றைய பாடம். ஒவ்வொன்றும் எலக்ட்ரானின் எடையில் லட்சத்தில் ஒரு பங்கு இருந்தாலே கோமாவைக் கட்டிப்போடலாம் என்றது அவர்கள் கணக்கு. எவ்வளவு துணிச்சல்!

கணக்கு நிலைக்கவில்லை. நியூட்ரினோ அதிவேகமாக ஓடுவது. கேலக்ஸி அளவில் திரண்டு நிற்காது. 1983 வாக்கில் கணினி மாதிரிகள் அதைக் காட்டிவிட்டன. அதே ஆண்டு இஸ்ரேல் இயற்பியலாளர் மில்க்ரோம், கரும்பொருளே வேண்டாம், முடுக்கம் மிகக் குறையும் இடத்தில் நியூட்டன் விதியையே திருத்தலாம் என்றார். தனித்தனி கேலக்ஸிகளின் சுழற்சிக்கு அது அழகாகப் பொருந்தியது. கொத்துகளிடம் வந்தபோதோ ஈர்ப்பு அதிலும் பற்றவில்லை. 2003-இல் மில்க்ரோம் அணியைச் சேர்ந்த சாண்டர்ஸ், பற்றாக்குறையை நிரப்ப எடையுள்ள நியூட்ரினோவையே அழைத்தார். கைவிடப்பட்ட யோசனைக்கு எதிரணியிலேயே இடம் கிடைத்தது!

நியூட்ரினோவுக்கு எடை உண்டு என்பது 1998-இல் ஜப்பானில் உறுதியானது. ஆனால் அது, துகள் எடையை அளக்கும் அலகில், 0.45 எலக்ட்ரான்வோல்ட்டைத் தாண்டாது என்கிறது ஜெர்மனியின் கட்ரின் சோதனை. சாண்டர்ஸ் கேட்டது சுமார் 2. இன்று ஜார்க்கண்டின் ஜாதுகுடா யுரேனியச் சுரங்கத்தில், 555 மீட்டர் ஆழத்தில், நம் ஆய்வாளர்கள் வேறொரு கரும்பொருள் துகளைத் தேடுகிறார்கள்.