கரையேறிய கப்பலும் கெசன்னுமா மக்களும்

ஜப்பானின் வடகிழக்குக் கரையில் மியாகி மாகாணத்தில் உள்ள கெசன்னுமா, சூரை மீனுக்கும் சுறாத் துடுப்புக்கும் பெயர்பெற்ற துறைமுக நகரம். 2011 மார்ச் 11 அன்று எழுந்த சுனாமி அதைச் சூறையாடியது. துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள் பெயர்ந்தன. கொட்டிய எண்ணெய் தீப்பற்றி ஷிஷியோரி பகுதி இரவெல்லாம் எரிந்தது. நகரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

60 மீட்டர் நீளமும் 330 டன்னும் கொண்ட ‘கியோடோகு மாரு 18’ என்ற மீன்பிடிக் கப்பலை அலை சுமார் 750 மீட்டர் உள்ளே இழுத்துவந்து ஷிஷியோரி ரயில் நிலையத்தருகே போட்டது. இடிபாடுகளை அள்ளிய பின் அந்த வெட்டவெளியில் கப்பல் தனித்து நின்றது. மேலே நீலம், அடியில் சிவப்பு. சாயாமலிருக்க இரும்பு முட்டுகள்.

அதைப் பார்க்க வெளியூர்களிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினர். பூ வைத்துக் கைகூப்பியவர்கள் உண்டு. சிரித்தபடி படம் எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. வீடும் உறவும் அழிந்த மண்ணில் அந்தச் சிரிப்பு, பறிகொடுத்தவர்களின் ஆறாத புண்ணைக் கீறியது. கப்பலே கண்ணில் படாதிருந்தால் போதும் என்றனர் பலர். வந்துபோகும் கூட்டத்தால்தான் ஊர் மீளும், அடுத்த தலைமுறைக்குச் சாட்சி வேண்டும் என்றனர் மற்றவர்கள்.

கப்பலை நினைவுச் சின்னமாக்க நகராட்சி விரும்பியது. 2013 ஜூலையில் மக்களிடம் கருத்துக் கேட்டபோது 68 விழுக்காட்டினர் வேண்டாம் என்றனர். அப்படியே காக்கச் சொன்னவர்கள் 16 விழுக்காட்டினர் மட்டுமே. செப்டம்பரில் கப்பலை உடைக்கத் தொடங்கினர். ஒவ்வோர் ஊரிலும் ஓர் இடிபாட்டைக் காக்க நிதி தருவதாக ஜப்பானிய அரசு அறிவித்தது நவம்பரில்தான்.

ஆனால் கெசன்னுமா வருவோருக்குக் கதவடைக்கவில்லை. கடலோரத்தில் சிதைந்து நின்ற கோயோ உயர்நிலைப் பள்ளியை 2019 மார்ச்சில் நினைவு அருங்காட்சியகமாகத் திறந்தது. அலை அங்கே நான்காம் மாடிவரை ஏறியது. மூன்றாம் மாடி வகுப்பறையில் கவிழ்ந்த கார் இன்றும் கிடக்கிறது. ஆனால் மாணவர்கள் உள்நாட்டுக்கு ஓடியும், எஞ்சியோர் மொட்டைமாடியில் ஏறியும் உயிர்தப்பினர். ‘கதாரிபே’ எனப்படும் உள்ளூர்க் கதைசொல்லிகள் பார்வையாளர்களை அழைத்துச் சென்று நடந்ததைச் சொல்கிறார்கள். அவர்களில் பள்ளி மாணவர்களும் உண்டு. கப்பலடியில் படமெடுத்துவிட்டுப் போக முடிந்தது. இங்கே வருபவர் ஊர்க்காரர் சொல்வதைக் கேட்கவும் முடிகிறது.