அரிப்புக் கரையில் இரண்டு கூட்டம்

மாத்தளைக்கு கடல் இல்லை. ஆனா எங்க பூட்டன்மார் பலரோட கதை கடலில்தான் தொடங்குது. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு கங்காணிமார் ஆள் கட்டியபோது, ராமநாதபுரக் கரையிலிருந்து பாய்த்தோணிகள் தலைமன்னாருக்கும் அரிப்புக்கும் வந்தன.

அந்த அரிப்பு அப்போதே பேர்பெற்ற இடம். முத்துக்குளிப்பு நடக்கிற வருசங்களில் அந்த மணலில் ஓர் ஊரே முளைக்கும். கீழக்கரை, காயல்பட்டினத் தோணிகள், குளியாளிகள், சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்லுறவங்க, வியாபாரிகள், வேடிக்கை பார்க்க துரைமார். நள்ளிரவில் தரைக்காற்றில் பாய் விரித்துப் போன தோணிகள் பகலில் கடற்காற்றோடு திரும்பும்போது கரை முழுக்க கூட்டம் நிற்கும். ஆளுநர் பிரடெரிக் நோர்த் இங்கே தனக்கு ஒரு மாளிகையே கட்டினார். 1801இல் தொடங்கிய வேலை அது. அதன் இடிபாட்டைத்தான் இப்போ 'டொரிக்' என்று போய்ப் பார்க்கிறோம். பாதியைக் கடல் அரித்துவிட்டது.

இந்தக் கூட்டத்தைப் பற்றி எழுத ஆளுக்குக் குறைவில்லை. ஜேம்ஸ் கோர்டினர் 1807இல் வெளியான தன் நூலில் விரிவாக எழுதினார். இலங்கையைக் கண்ணால் பார்க்காத பிசே, 1863இல் பாரிசில் முத்துக்குளிப்போரை ஒப்பராவாகவே மேடையேற்றினார்! 1906இல் லெனார்ட் வுல்ஃப் முத்துக்குளிப்பில் வேலை பார்த்து, பிறகு அதையும் எழுதினார்.

அதே கரையில் இறங்கிய மற்றக் கூட்டத்துக்கு அப்படி ஒருத்தரும் இல்லை. மூட்டையைத் தலையில் வைத்து, பிள்ளைகளை இடுப்பில் தூக்கி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா என்று காட்டுவழியே நடந்தாங்க. வாந்திபேதியும் காய்ச்சலும் வழியிலேயே பலரை எடுத்தது. காடு முடிந்து முதலில் வருகிற பெரிய ஊர் மாத்தளை. முத்துமாரியம்மன் கோயில் அப்படி வந்து சேர்ந்தவங்க கும்பிட்ட இடம்தான் என்று ஊரில் சொல்வாங்க. 1880இல் கண்டிப் பக்கமிருந்து மாத்தளைக்கு ரயில் வந்த பிறகும் மன்னார்ப் பாதையில் ஆட்கள் நடந்துகொண்டுதான் இருந்தாங்க.

2023 ஜூலை 28 அன்று தலைமன்னாரில் கிளம்பிய மலையக நடைபயணம் ஆகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்தது. வந்து 200 வருசம் ஆனதை நினைத்து நடந்த நடை அது. ஆனாலும் அந்தப் பாதையில் எத்தனை பேர் செத்தாங்க என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. அரிப்பில் கரையேறிய சிப்பிகளை மட்டும் அரசு எண்ணி எண்ணித்தான் பங்கு போட்டது: குளியாளிக்கு இவ்வளவு, அரசுக்கு இவ்வளவு என்று.