ஓர் ஊர், இரண்டு அஞ்சலகங்கள்: பிரெஞ்சுப் புதுச்சேரியின் தலைகளும் உறைகளும்

அஞ்சல்தலைப் பட்டியல்கள் பிரெஞ்சிந்தியாவை ஒரு தீவைப் போலவே நடத்துகின்றன. ரீயூனியனுக்கும் மார்த்தினிக்குக்கும் தனிப் பக்கம் இருப்பதுபோல அதற்கும் ஒன்று உண்டு. உண்மையில் அது தீவும் அல்ல, ஒரே நிலமும் அல்ல. புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம், சந்திரநாகூர் என்று ஒன்றுக்கொன்று தொலைவில் கிடந்த ஐந்து துண்டுகள். புதுச்சேரிப் பகுதிக்குள்ளேயே பிரிட்டிஷ் கிராமங்கள் இடையிடையே ஊடுருவிக் கிடந்தன. தீவைக் கடல் சூழ்வதுபோல இவற்றை பிரிட்டிஷ் இந்தியா சூழ்ந்திருந்தது. இந்தத் தரைத்தீவின் கடிதங்கள் யாருடைய தலையை ஒட்டிக்கொண்டு வெளியேறின? சேகரிப்பாளரின் ஆல்பத்தைக் கேட்டால் பிரெஞ்சுத் தலை என்று சொல்லும். பழைய உறைகள் சொல்லும் கதை வேறு.

1854இல் பிரிட்டிஷ் இந்தியா முழுமைக்குமான அஞ்சல்தலைகள் வந்தன. பிரான்சு தன் குடியேற்ற நாடுகள் அனைத்துக்கும் பொதுவாகக் கழுகுப் படம் போட்ட தலைகளை 1859 முதல் அனுப்பியது. ஓரத்துளை இல்லாதவை, கத்தரியால் வெட்டி ஒட்ட வேண்டும். எந்தக் குடியேற்றத்தின் பெயரும் அவற்றில் தனியே இல்லாததால், கையில் உள்ள தலை புதுச்சேரியில் புழங்கியதா, மார்த்தினிக்கில் புழங்கியதா என்று தலையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. புள்ளிகளால் ஆன சாய்சதுரத்தின் நடுவே ‘இந்த்’ என்று பிரெஞ்சில் நான்கே எழுத்து பொறித்த முத்திரை விழுந்திருந்தால்தான் அது நம்மூர்த் தலை. தலையைவிட முத்திரைக்கு விலை கூடும் அபூர்வ இடம் இது.

ஆனால் அதே ஊரில் பிரிட்டிஷ் இந்திய அஞ்சலகமும் இயங்கியது. கடலூருக்கோ சென்னைக்கோ எழுதுகிறவர் அங்கே போய் விக்டோரியா தலையை ஒட்டினார். பிரெஞ்சு அஞ்சல் பார்த்தது பெரும்பாலும் கடலை. பிரெஞ்சுக் கப்பல் நிறுவனம் 1860களில் தொடங்கிய கல்கத்தா வழித்தடத்தில் புதுச்சேரியும் ஒரு நிறுத்தம். இயற்கைத் துறைமுகம் இல்லாத ஊர் என்பதால் கப்பல் தொலைவில் நங்கூரமிடும்; அலையைத் தாண்டிச் சரக்கையும் ஆளையும் ஏற்றி இறக்கியவை சலங்குகள். அந்தச் சொல்லைப் பிரெஞ்சுக்காரர்களும் தங்கள் நாவுக்கு ஏற்றபடி எடுத்துக்கொண்டார்கள். 1879இல் விழுப்புரத்திலிருந்து ரயில் வந்தபின் தரைவழியின் கை இன்னும் ஓங்கியது. ஊரின் அன்றாடம் தமிழ்நாட்டோடு பிணைந்திருந்தது; அன்றாடக் கடிதமும் அந்த வழியேதான் போயிருக்கும். விக்டோரியா தலையில் புதுச்சேரி முத்திரை விழுந்த உறைகளைப் பிரிட்டிஷ் இந்தியச் சேகரிப்பாளர்கள் தங்கள் ஆல்பத்தில் வைத்துக்கொண்டார்கள். பிரெஞ்சிந்திய ஆல்பத்துக்கு அவை வந்து சேரவில்லை. ஊரின் பாதி வரலாறு இப்படி வேறொரு அலமாரிக்குப் போய்விட்டது.

இந்த இரட்டை ஏற்பாடு வெறும் வசதி மட்டுமல்ல என்பதை பாரதியின் வாழ்க்கை காட்டுகிறது. 1908இல் அவர் புதுச்சேரிக்கு வந்தார். அவர் எழுதிவந்த ‘இந்தியா’ இதழும் அங்கே இடம் மாறியது. பிரெஞ்சு மண்ணில் அச்சிடத் தடை இல்லை. வாசகர்களோ எல்லைக்கு அப்பால் இருந்தார்கள். இதழ் பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் நுழையத் தடை வந்ததும் 1910இல் நின்றுபோனது. பத்திரிகைக்கு அச்சகம் எவ்வளவு முக்கியமோ அஞ்சல்பை அவ்வளவு முக்கியம். அச்சகம் பிரெஞ்சுக்காரர் நிழலில் இருந்தது, அஞ்சல்பை இல்லை.

தலைகளுக்கு வருவோம். பிரெஞ்சிந்தியாவின் பெயர் தாங்கிய முதல் வரிசை 1892இல் வந்தது: கப்பலோட்டத்தையும் வணிகத்தையும் உருவகித்த படம், ஒரு சாந்திமிலிருந்து ஒரு பிராங்கு வரை. எல்லாக் குடியேற்றங்களுக்கும் ஒரே அச்சு. பெயர் மட்டும் மாறும். 1914இல்தான் உள்ளூர் முகம் தெரிகிறது. சிறு மதிப்புகளில் பிரம்மா, பெரிய மதிப்புகளில் கோயில். பட்டியல்கள் அதைப் ‘புதுச்சேரிக்கு அருகேயுள்ள காளி கோயில்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டு நகர்கின்றன.

என் பார்வையில் இந்த வரலாற்றின் திருப்புமுனை படத்தில் அல்ல, 1923ஆம் ஆண்டு மேலச்சில் இருக்கிறது. அதுவரை சந்தையில் ரூபாய் புழங்க, அஞ்சல்தலை பிராங்கில் பேசியது. போருக்கு முன் ஒரு பவுனுக்கு 25 பிராங்கு. 1923இல் ஏறத்தாழ 75. ரூபாய் அப்படிச் சரியவில்லை. இந்த நிலையில் பிராங்கு விலையை ரூபாய்க் கல்லாவில் எப்படிக் கணக்கு வைப்பது? பழைய தலைகள்மீதே காஷ், ஃபனோன், ரூப்பி என்று மேலச்சடித்தார்கள். காசும் பணமும்தான் பிரெஞ்சு உடையில் திரும்பி வந்தன; புதுச்சேரியின் பழைய நாணயங்களுக்கு வழங்கிய பெயர்கள் அவை.

24 காஷ் ஒரு ஃபனோன், 8 ஃபனோன் ஒரு ரூபாய். பெருக்கிப் பாருங்கள்: ரூபாய்க்கு 192 காஷ். பிரிட்டிஷ் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை என்ற பழைய கணக்கிலும் அதே 192தான். ஒரு காஷ் ஒரு பைக்குச் சமம், ஒரு ஃபனோன் இரண்டு அணா. பெயர் தமிழ், எழுத்து பிரெஞ்சு, மதிப்பு பிரிட்டிஷ் இந்தியா. 1929இல் இந்த மதிப்புகளோடே புதிய தலைகள் அச்சாகி வந்தன. சுற்றிலும் உள்ள நிலத்தின் காசுக்குப் பாரிசு தலைவணங்கிவிட்டது.

பிரான்சு ஜெர்மனியிடம் வீழ்ந்தபின், 1940 செப்டம்பரில் ஆளுநர் லூயி போன்வென், போரைத் தொடர்ந்த தெகோல் பக்கம் சாய்ந்தார். கையிருப்புத் தலைகளில் ‘சுதந்திர பிரான்சு’ என்று மேலச்சு விழுந்தது. 1942இல் லண்டனில் அச்சான தாமரைத் தலைகள் வந்தன. அதே காலத்தில், ஜெர்மனிக்குப் பணிந்த விஷி அரசு தன் தலைவர் மார்ஷல் பெத்தேன் உருவத்தோடு பிரெஞ்சிந்தியத் தலைகளை வெளியிட்டது. அவை புதுச்சேரியில் ஒருநாளும் விற்கப்படவில்லை. புதுச்சேரியையே பார்க்காத புதுச்சேரித் தலைகள்! ஆல்பத்தில் இரண்டும் அக்கம்பக்கமாக உட்கார்ந்திருக்கின்றன. தூய்மைவாதிகள் பெத்தேனை ஒதுக்குவார்கள். எனக்கு இரண்டுமே வேண்டும். கையில் இல்லாத நாட்டுக்கும் ஓர் அரசு தலை அடிக்கும் என்பதற்கு அதைவிடச் சாட்சி ஏது?

1948இல் அப்சரஸ், விஷ்ணு, துவாரபாலகர் எனக் கோயில் சிற்பங்கள் அணிவகுத்த அழகான வரிசை வந்தது. அப்போது சுற்றியிருந்த நாடு சுதந்திர இந்தியா. 1949இல் சந்திரநாகூர் இந்தியாவோடு சேர வாக்களித்தது. அதே ஆண்டு சுங்க உடன்பாடும் முறிந்து எல்லை இறுகியது. 1954 ஜூன் தொடக்கத்தில், ஜெர்மானியப் பிடியிலிருந்து பிரான்சு விடுபட்ட பத்தாம் ஆண்டு நினைவாக ஒரு ஃபனோன் விமான அஞ்சல்தலை வந்தது. பிரான்சின் விடுதலையைக் கொண்டாடிய அந்தத் தலை வெளிவந்து சில நாளில், ஜூன் 13 அன்று, ஏனாம் பிரான்சிடமிருந்தே கைமாறியது. ஜூலையில் மாகே. அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள்.

நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது; பிரெஞ்சிந்தியத் தலைகளின் காலமும் அதோடு முடிந்தது. சட்டப்படியான ஒப்படைப்பு முழுமையடைய 1962 ஆகஸ்ட் 16 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில், சட்டத்தின் கண்ணில் பிரெஞ்சு மண்ணாகவே இருந்த ஊரிலிருந்து கடிதங்கள் இந்தியத் தலையோடு போய்க்கொண்டிருந்தன. அந்த ஆண்டுகளின் உறைகளுக்கு ஏலத்தில் பெரிய விலை இல்லை.